“அவனுக்கே அது புண்ணியம்” என்கிறான் தம்பி

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 41 வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். தம்பிக்கு 29 வயது. அப்பா போன பிறகு நான்தான் அவனைப் படிக்க வைத்தேன். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் குடியில் விழுந்து வேலையே போகிற நிலைக்கு வந்தான். அப்போது ஒரு நண்பன் அவனை ஒரு சாமியாரின் சத்சங்கத்துக்கு அழைத்துப் போனான். குடி நின்றது. காலை நாலு மணிக்கே எழுந்து பூசை, தியானம், தேவாரம். நான் பசுபதீஸ்வரர் கோயிலுக்குப் போய் அழுதுகொண்டே நன்றி சொன்னேன்.

போன பொங்கலுக்கு வந்தவன் போனில் ஒரு வீடியோ காட்டினான். யாரோ ஒரு பேச்சாளர் மேடையில் சாமியைப் பற்றிக் கேவலமாகப் பேசினார். எனக்கே கோபம் வந்தது. தம்பிக்குக் கோபமே வரவில்லை. ரொம்ப அமைதியாகச் சொன்னான்: “இந்த ஆளு பேசப் பேசப் பாவம் சேத்துக்கிட்டே போறான்க்கா. யாராவது இவனை முடிச்சு விட்டா, அவனுக்கே அது புண்ணியம்.” நான் திட்டினேன். “எறிபத்த நாயனார் என்ன செஞ்சாரு? நம்ம ஊரு கதைதானே? சிவபெருமான் அவரை ஏத்துக்கலையா?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அவனுக்குப் பைத்தியம் ஏதும் பிடித்திருக்கிறதா? குடியை நிறுத்திய அதே பக்தி இப்படியும் பேச வைக்குமா? வெறும் பேச்சு என்று விட்டுவிடலாமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். “தம்பிக்குக் கோபமே வரவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே. கோபத்தில் “அவனை வெட்டணும்” என்று சொல்லாதவர் நம் ஊரில் யார்? பாக்கிச் சில்லறை தராத கண்டக்டரில் ஆரம்பித்து கேட்ச்சைக் கோட்டைவிட்ட கிரிக்கெட் வீரர் வரை ஒரு நாளைக்கு எத்தனை பேரை வாயாலேயே வெட்டிச் சாய்க்கிறோம்! அந்தக் கோபம் டீ ஆறுவதற்குள் ஆறிவிடும். உங்கள் தம்பி சொன்னதில் கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. சாகிறவனுக்கு நல்லது செய்கிறோம் என்ற ஒரு கணக்குதான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருப்பது அந்தக் கணக்கு.

முதலில் ‘பைத்தியமா’ என்ற கேள்வி. அந்தச் சொல்லை நான் புழங்குவதில்லை. நீங்கள் பயத்தில் எழுதிவிட்டீர்கள், பரவாயில்லை. உங்கள் தம்பி நாள் கணக்கில் தூங்காமல் உற்சாகமாகத் திரிகிறாரா? தான்தான் அவதாரம் என்கிறாரா? காதில் ஒரு குரல் கட்டளையிடுகிறது என்கிறாரா? யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவை நோயின் அறிகுறிகள், மருந்துக்குக் கட்டுப்படுபவை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் இல்லை. ஒழுங்காக வேலைக்குப் போகிறார், தூங்குகிறார், சாப்பிடுகிறார். நோயில் வரும் பிரமை பெரும்பாலும் ஒருவருடையது மட்டுமே, பக்கத்தில் இருப்பவர்கூட அதை நம்ப மாட்டார். உங்கள் தம்பியின் நம்பிக்கையை வாரந்தோறும் ஒரு கூட்டமே சேர்ந்து உட்கார்ந்து நம்புகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரின் மத நம்பிக்கை ஊரோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆகவே இதை மருந்துச் சீட்டில் எழுதித் தீர்க்க என்னால் முடியாது. கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஜப்பானுக்குப் போவோம். உள்ளூரிலேயே உதாரணம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் உள்ளூர்ப் பெயர் ஒன்றைச் சொன்னதும் படிப்பவர்களில் பாதிப் பேர் நான் எந்தக் கட்சி என்று ஆராயப் போய்விடுவார்கள். மீதிப் பேர் ‘அவங்க செய்யலையா?’ என்று கடிதம் எழுதுவார்கள். ஜப்பான் என்றால் நாம் கொஞ்சம் நிதானமாகக் கேட்போம். அதோடு, இந்த ஜப்பான் கதையில் வரும் சொற்களெல்லாம் நமக்கு வீட்டுச் சொற்கள்.

ஷோகோ அசஹாரா என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டவர் பார்வைக் குறைபாட்டோடு பிறந்து, பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். 1984-ல் டோக்கியோவில் ஒரு யோகா வகுப்பு தொடங்கினார். இமயமலைக்கு வந்து ஞானம் பெற்றுத் திரும்பியதாகச் சொல்லிக்கொண்டார். 1987-ல் அந்த வகுப்பு ‘ஓம் ஷின்ரிக்யோ’ ஆனது. ஆமாம், நம்முடைய அதே ஓம்தான். ‘ஓம் மெய்நெறி’ என்று தமிழில் சொல்லலாம். அவர்கள் வணங்கிய முதன்மைத் தெய்வம் சிவன். யோகா, தியானம், கர்மா, குரு, முக்தி, கூடவே திபெத்திய பௌத்தம், பின்னாளில் உலக அழிவு பற்றிய கிறிஸ்தவ முன்னறிவிப்பு என எல்லாம் அங்கே ஒரே இலையில் பரிமாறப்பட்டன. ஃபுஜி மலை அடிவாரத்தில் அவர்கள் கட்டிய கட்டடங்களுக்குச் ‘சத்தியம்’ என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஏழாம் எண் சத்தியத்தில்தான் சாரின் என்ற நச்சு வாயுவைத் தயாரித்தார்கள்.

அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? இயற்பியல் படித்தவர்கள், வேதியியல் படித்தவர்கள், பொறியாளர்கள். அவர்களில் ஒருவர் ஹயாஷி இகுவோ. கெய்யோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த இதய அறுவைச் சிகிச்சை நிபுணர். இறக்கும் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, மருத்துவத்தால் பதில் சொல்ல முடியாத கேள்விகள் அவருக்கு எழுந்தன. எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும். சிலர் கோயிலுக்குப் போவோம், சிலர் கோல்ஃப் ஆடுவோம். அவர் 1990-ல் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஓம் அமைப்பில் துறவு பூண்டார்.

1995 மார்ச் 20, திங்கட்கிழமை. காலை எட்டு மணி, அலுவலகம் போகும் கூட்டம். டோக்கியோ சுரங்க ரயிலின் மூன்று வழித்தடங்களில், ஐந்து ரயில்களில் ஐந்து பேர் ஏறினார்கள். செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளில் திரவ சாரின். கையில் முனை கூராக்கிய குடை. சியோடா வழித்தட ரயிலில் ஏறியவர் நம் மருத்துவர். எதிரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ‘இங்கே பையைக் குத்தினால் இவள் நிச்சயம் செத்துப்போவாள், நடுவில் எங்கேயாவது இறங்கிவிட்டால் தேவலை’ என்று அவருக்குத் தோன்றியது. இதைப் பின்னாளில் அவரே சொன்னார்.

அந்த எண்ணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எத்தனை வருடத் தியானத்துக்குப் பிறகும், எத்தனை உபதேசத்துக்குப் பிறகும், எதிரில் ஒரு முகம் வந்ததும் உள்ளே ஏதோ ஒன்று கையைப் பிடித்து இழுக்கிறது. நம்மிடம் அதற்குப் பல பெயர்கள் உண்டு: மனசு கேட்கல, கை வரல, வயித்த என்னவோ பண்ணுது. கொல்வதற்கு முன் மனிதனிடம் இருக்கும் கடைசி வேலி அது. ஹயாஷிக்கும் அந்த வேலி இருந்தது. ஆனால் அந்தத் தயக்கத்துக்கு அவருடைய குரு ஏற்கெனவே வேறொரு பெயர் வைத்திருந்தார்: பலவீனம், பற்று, பயிற்சி போதாமை. ஆகவே கை நடுங்கியபோது ‘நான் செய்வது தப்பு’ என்று அவருக்குத் தோன்றவில்லை, ‘நான் இன்னும் பக்குவப்படவில்லை’ என்று தோன்றியது. பையைக் குத்திவிட்டு இறங்கிப் போனார்.

அந்த ரயில் கசுமிகசெகி நிலையத்துக்கு வந்தபோது, பெட்டியில் ஏதோ திரவம் கொட்டிக் கிடக்கிறது என்று இரண்டு ரயில்வே ஊழியர்கள் அதை அப்புறப்படுத்தினார்கள். இருவரும் இறந்தார்கள். ஐந்து ரயில்களிலுமாக 6,000-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். இதுவரை 14 பேர் இறந்திருக்கிறார்கள். பதினான்காவது உயிர் 2020-ல் போனது. அந்தப் பெண் இருபத்தைந்து வருடம் படுக்கையில் கிடந்தார்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அசஹாராவின் உபதேசத்தில் ‘போவா’ என்று ஒரு சொல் உண்டு. திபெத்திய பௌத்தத்தில் அது சாகும் நேரத்தில் உயிரை நல்ல கதிக்கு அனுப்பும் ஒரு தியான முறை. யாரையும் கொல்வதோடு அதற்குச் சம்பந்தமில்லை. அசஹாரா அதைத் திருப்பினார். 1989-ல் சீடர்களிடம் அவர் பேசியதன் சாரம் இது: ஒருவன் பாவத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறான், இன்னும் வாழவிட்டால் நரகத்துக்குத்தான் போவான். ஞானம் பெற்ற ஒருவர் இதை அறிந்து, இப்போதே அவன் உயிரை எடுத்து மேலுலகத்துக்கு அனுப்பிவைத்தால் அது கொலையா, போவாவா?

இப்போது உங்கள் தம்பி பொங்கலன்று சொன்ன வாக்கியத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

உங்கள் தம்பி அசஹாராவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவருடைய சாமியாரும் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. எந்த மதத்தில் யார் இந்த வேலையைத் தொடங்கினாலும் வந்து நிற்கிற இடம் கிட்டத்தட்ட இதுதான். இஸ்ரேல் பிரதமர் ராபினை 1995 நவம்பர் 4 அன்று டெல் அவிவில் சுட்டுக் கொன்ற யிகால் அமிர் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். ஒருவனைக் கொல்லத் துரத்திக்கொண்டு வருபவனைத் தடுக்க வேறு வழியில்லையென்றால் கொல்லலாம் என்று யூத மதச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. கத்தியோடு துரத்துபவனுக்கான விதி அது. அமிர் அதை, பாலஸ்தீனர்களோடு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதமருக்குப் பொருத்தினார். அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் பென்சகோலா நகரில், கருக்கலைப்பு செய்யும் மருத்துவர் ஒருவரையும் அவரோடு துணைக்கு வந்தவரையும் சுட்டுக் கொன்ற பால் ஹில், ஒரு காலத்தில் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தவர். இருவரும் தாங்கள் உயிரைக் காப்பாற்றியதாகவே சொன்னார்கள். அசஹாரா இன்னும் ஒரு படி மேலே போனார். செத்தவனையே காப்பாற்றியதாகச் சொன்னார்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். நல்லவர்கள் தங்கள் நல்ல குணத்தை விட்டுவிட்டுக் கொடுமை செய்வதில்லை, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள். செயலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் போதும். இறைச்சிக் கடையில் யாரும் ‘மாட்டுப் பிணம்’ என்று கேட்டு வாங்குவதில்லை, பாருங்கள்.

இன்னொரு விஷயம். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஓம் அமைப்பில் முதலில் விழுந்த பிணம் கொலையால் விழுந்ததல்ல. 1988-ல் கடுமையான பயிற்சி ஒன்றின்போது ஒரு சீடர் இறந்துபோனார். அந்த நேரத்தில் அவர்கள் மத அமைப்பாகப் பதிவு செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் பதிவு கிடைக்காது என்று உடலை ரகசியமாக எரித்தார்கள். அது தெரிந்த இன்னொரு சீடர் வெளியேற நினைத்தார். 1989 பிப்ரவரியில் அவரைக் கொன்றார்கள். அதே வருடம் நவம்பரில், அமைப்பின் மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் சகமோட்டோவை, அவர் மனைவியை, ஒரு வயதுக் குழந்தையை வீடு புகுந்து கொன்றார்கள். கொலையைப் புனிதமாக்கும் பேச்சு அங்கங்கே முன்பே இருந்தது உண்மை. ஆனால் அது இறுகிச் சட்டமானது, மறைக்க வேண்டிய பிணங்கள் சேரச் சேரத்தான். சுரங்க ரயில் தாக்குதலுக்கும் உடனடிக் காரணம் முக்தி அல்ல. போலீஸ் சோதனைக்கு வரப்போகிறது என்று தெரிந்தது, அதைத் திசைதிருப்ப வேண்டும். கசுமிகசெகி அரசு அலுவலகங்களும் காவல் தலைமையகமும் இருக்கும் இடம். அந்த மே மாதம் போலீஸ் அசஹாராவைக் கண்டுபிடித்தபோது, சத்தியம் ஒன்றின் உள்ளே, ஆள் படுக்கும் அளவே இருந்த மறைவிடத்தில், கிட்டத்தட்ட ஒரு கோடி யென் ரொக்கத்தோடு பதுங்கியிருந்தார். எல்லோரையும் மேலுலகத்துக்கு அனுப்பியவர் தான் மட்டும் இங்கேயே இருக்கப் பார்த்தார்.

பக்கத்து நாட்டிலும் பார்த்திருக்கிறோம். 1959 செப்டம்பர் 25 அன்று கொழும்பில் பிரதமர் பண்டாரநாயக்கவை அவர் வீட்டிலேயே சுட்டவர் சோமராம என்ற புத்த பிக்கு. மறுநாள் பிரதமர் இறந்தார். சதிக்குத் தண்டனை பெற்ற புத்தரக்கித, களனி விகாரையின் தலைமைப் பிக்கு. அவருக்கு அரசிடமிருந்து எதிர்பார்த்த வியாபார ஒப்பந்தங்கள் கிடைக்காத ஏமாற்றமும் பின்னணியில் பேசப்பட்டது. நான் மதமே காரணம் இல்லை என்று தப்பிக்கப் பார்க்கவில்லை. சீடனின் நம்பிக்கை பெரும்பாலும் உண்மையானது. மேலே இருப்பவரின் அவசரம் பல சமயம் வேறு எதையோ பற்றியது. ஆகவே ‘என் தம்பி உண்மையான பக்தன்’ என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்க வேண்டாம். டோக்கியோ ரயில்களில் ஏறிய அந்த ஐந்து பேரும் உண்மையான பக்தர்கள்தான்.

சரி, எறிபத்தர். உங்கள் தம்பி கேட்டதற்கு உங்களிடம் பதில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதில் அந்தக் கதையிலேயே இருக்கிறது. நானும் திருநீறு பூசிய வீட்டில் வளர்ந்தவன். எங்கள் பாட்டி பெரியபுராணத்தைச் சோறு ஊட்டும்போதே ஊட்டிவிட்டவர்.

சிவகாமியாண்டார் என்ற அடியார் சாமிக்குப் பறித்த பூவைக் குடலையில் எடுத்துக்கொண்டு வருகிறார். புகழ்ச்சோழரின் பட்டத்து யானை மதம்பிடித்து வந்து பூவைப் பறித்துச் சிதறடிக்கிறது. எறிபத்தர் மழுவெடுத்து யானையை வெட்டுகிறார். பாகர் இருவர், குத்துக்கோல்காரர் மூவர், ஆக ஐந்து பேரையும் வெட்டுகிறார். பெரும்பாலும் நம் நினைவில் கதை இங்கே முடிந்துவிடும். உங்கள் தம்பிக்கும் இங்கேயே முடிந்திருக்கிறது. ஆனால் சேக்கிழார் முடிக்கவில்லை. அரசர் படையோடு வருகிறார், எதிரில் நிற்பது அடியார் என்று காண்கிறார். ‘நடந்த பிழைக்கு இது போதாது, என்னையும் கொல்லுங்கள்’ என்று தன் வாளை எடுத்து நீட்டுகிறார். எறிபத்தர் அதிர்ந்துபோகிறார். இப்படிப்பட்ட அன்பரின் யானையையும் ஆட்களையும் கொன்றேனே என்று அந்த வாளைத் தன் கழுத்திலேயே வைத்து அரியப் போகிறார். அரசர் பாய்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறார். அப்போதுதான் இறைவனின் குரல் கேட்கிறது. அதோடு யானை எழுகிறது, செத்த ஐந்து பேரும் தூங்கி விழித்தவர்கள்போல் எழுகிறார்கள்.

இதை நான் இப்படித்தான் படிக்கிறேன். தத்துவ அறிஞர்கள் வேறு சொல்லலாம். இறைவன் பேசுவது வெட்டிய நேரத்தில் அல்ல. மழு ஏந்தியவர் தான் செய்ததைக் கண்டு நடுங்கிய பிறகு, ஒருவர் கையை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில். அப்போதும் அந்த ஆறு உயிர்களைச் சேக்கிழாருக்குச் செத்தபடியே விட்டுவிட மனம் வரவில்லை. கதையில் யானை எழுந்தது. கசுமிகசெகி நிலையத்தில் யாரும் எழவில்லை. உயிர் கொடுக்கத் தெரியாதவர்கள் எறிபத்தரை உதாரணத்துக்கு இழுக்கக் கூடாது.

ஆனால் இதை ஒரு வாதமாகத் தம்பியின் முகத்தில் வீசாதீர்கள். நூலை வைத்து வாதாடினால் நீங்கள் தோற்றுப்போவீர்கள். அவர் வாரம் பத்து மணி நேரம் கேட்டுப் பழகியவர், உங்களுக்கு ஜிஎஸ்டி கணக்கே தலைக்கு மேல். கதையை முழுதாகச் சொல்லுங்கள், அவ்வளவுதான். முடிந்தால் இந்த வருடம், உங்கள் ஊரில் இந்தக் கதையையே நடத்திக் காட்டும் பூக்குடலை விழாவுக்குக் கூப்பிடுங்கள். கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்க்கட்டும்.

குடியை நிறுத்திய பக்தி இப்படியும் பேச வைக்குமா என்று கேட்டீர்கள். வைக்கும். அதுதான் இதில் கஷ்டமே. குடியிலிருந்து மீண்டவருக்குத் தன் தீர்ப்பின் மேல் நம்பிக்கை போயிருக்கும். ‘என் புத்தியை நம்பித்தானே நாசமாப் போனேன்’ என்று தோன்றும். அந்த நேரத்தில் ஒரு குரு ‘உன் புத்தியை என்னிடம் கொடு’ என்றால், கொடுத்துவிடுவது பெரிய நிம்மதி. பழக்கத்தை விட அது உண்மையிலேயே உதவும். அந்தச் சாமியார் இன்றுவரை நல்லவராகக்கூட இருக்கலாம். உங்கள் தம்பி சொன்னது யாருடைய வாக்கியம், குருவுடையதா, வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டதா, எனக்குத் தெரியாது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் அதுதான். “இதை உனக்கு யார் சொன்னது?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். குற்றம் சாட்டும் குரல் வேண்டாம்.

நன்றியை மறைக்காதீர்கள். “அந்த இடம்தான் உன்னைக் காப்பாத்துச்சு, நான் மறக்கல” என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். ‘போலிச் சாமியார்’ என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்தால் அன்றோடு கதவு சாத்தப்படும். உங்கள் எதிர்ப்பை அவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். ‘வீட்டில் இருப்பவர்கள் இப்படித்தான் தடுப்பார்கள்’ என்று. நீங்கள் கத்தினால் அந்த வாக்கு பலித்ததாகிவிடும்.

அதன் பிறகு ஒரே ஒரு கேள்வி. “உன் குரு ஒன்று சொல்லி, உனக்கு மனசு கேட்கலைன்னா என்ன செய்வே?” பதிலைவிட முகத்தைப் பாருங்கள். “அவர் அப்படிச் சொல்ல மாட்டார்” என்பார், எல்லோரும் சொல்வதுதான். “சொன்னா?” என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். “கேட்க மாட்டேன்” என்று அவரால் சொல்ல முடிந்தால் எனக்கு நிம்மதி. “என் மனசுதான் அழுக்கு” என்று சொன்னால், உங்கள் தம்பியின் வேலியை யாரோ பிடுங்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அந்தப் பேச்சாளரைப் பற்றியும் பேசுங்கள். சரியா தப்பா என்று அல்ல, ஆளைப் பற்றி. எந்த ஊர், பிள்ளை குட்டி உண்டா, சர்க்கரை இருக்கிறதா, ஏன் அவருக்குக் கோயில் மேல் அவ்வளவு கோபம், ஏதாவது கோயில் வாசலில் அவர் அப்பாவை நிறுத்தியிருப்பார்களோ. போனில் மூன்று நிமிடம் ஓடும் உருவத்தைக் கொல்வது மனதுக்குச் சுலபம். இறங்கிப் போய்விடக் கூடாதா என்று மருத்துவருக்கே தோன்றியது எதிரில் உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்துத்தான்.

தொடர்பை விடாதீர்கள். இப்படி ஒரு கூட்டத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு வெளியே வந்த ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். அவருடைய அம்மா ஒரு நாளும் புத்தி சொன்னதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து பசு கன்று போட்டது, பக்கத்து வீட்டில் மோட்டார் ரிப்பேர், அத்தைக்கு முழங்கால் வலி என்று ஊர்க்கதை மட்டும் சொல்வாராம். ஒரு நாள் தாய்மாமன் இறந்த செய்தி வந்தது. போக ஆசிரமத்தில் அனுமதி கேட்க வேண்டும். “மாமா சாவுக்குப் போக, கல்யாணமாகிற வயசுல கையைக் கட்டிக்கிட்டு நின்னேன் சார். அங்கேயே வெட்கமாப் போச்சு” என்றார். வாதத்தால் அவர் வெளியே வரவில்லை. போவதற்கு அவருக்கு ஒரு மாமா வீடு மிச்சமிருந்தது, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியவை: நண்பர்களை ஒவ்வொருவராக விடுகிறாரா, வேலையை விடப் பேசுகிறாரா, சொத்தில் தன் பங்கைக் கேட்கிறாரா, போனை மறைக்கிறாரா, இரண்டு போன் வைத்திருக்கிறாரா. இவை இருந்தால் தாமதிக்க வேண்டாம், நேரில் போய் ஒரு வாரம் அவரோடு தங்குங்கள். அக்கா வந்து சமைத்துப் போட்டால் எந்தக் குருவும் உடனே ஒன்றும் சொல்ல முடியாது. குடிப்பழக்கத்துக்கான தொடர் சிகிச்சையைக் காரணம் சொல்லி ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகலாம், அது பொய்யும் இல்லை. உங்களுக்கே தூக்கம் கெட்டிருக்கும் என்று நினைக்கிறேன். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

வெறும் பேச்சு என்று விட்டுவிடலாமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இன்றைக்கு அது பேச்சுதான். நூற்றில் பெரும்பாலானவை பேச்சோடு போய்விடும். ஹயாஷியும் ஒரு நாளில் அந்த ரயிலுக்கு வந்துவிடவில்லை, துறவு பூண்டதிலிருந்து ஐந்து வருடம் ஆனது. 1995 மே மாதம் விசாரணையில் அவராகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், நீதிமன்றத்தில் அழுதார். அந்த ஒப்புதலால் தூக்குத் தண்டனை தப்பி ஆயுள் தண்டனை கிடைத்தது. அசஹாராவோடு சேர்த்து 13 பேரை 2018 ஜூலையில் தூக்கிலிட்டார்கள். மனசு ஹயாஷிக்குத் திரும்பி வந்தது. இரண்டு ரயில்வே ஊழியர்களுக்கும் அதனால் பயனில்லை.

பூக்குடலை விழாவுக்கு அவர் வந்தாரா, என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். ஆனால் நடுவில் எப்போதாவது அவர் வாயிலிருந்து ஒரு பேரோ, தேதியோ, இடமோ விழுந்தால், அல்லது அறையில் பார்க்கக் கூடாத பொருள் ஏதாவது கண்ணில் பட்டால், எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே காவல் நிலையத்துக்குப் போங்கள், அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். என் நோயாளியே அப்படிச் சொன்னாலும் நான் ரகசியம் காக்க மாட்டேன், சட்டமே அதற்கு எனக்கு அனுமதி தருகிறது. தம்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று அன்றைக்கு உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும், அதோடு போய்ச் சொல்லுங்கள்.